தட்டு முதலில், மாத்திரை பிறகு: மலையகக் குடும்பங்களுக்கான தாவர உணவு வழிகாட்டி

விடியுமுன் எழுந்து, கோதுமை மா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, தனக்கென்று மிஞ்சிய ஒரு ரொட்டியைச் சாயத்தண்ணியோடு (பால் சேராத தேத்தண்ணி) விழுங்கியபடி மலைக்கு ஓடும் பெண்கள் இல்லாத லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) நம்மிடையே இல்லை. என் தாயாரும் அப்படித்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தார். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால் அதன் வாடை பிடிக்காததால் எப்போதும் சாயத்தண்ணியோடுதான் விழுங்குவார். எதனோடு விழுங்குகிறீர்கள் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை எடுத்தும் அவருடைய களைப்பு தீராததன் காரணம் எனக்கு வெகுகாலத்திற்குப் பிறகுதான் விளங்கியது. எதை உண்கிறோம் என்பதைப் போலவே எதனோடு, எந்த நேரத்தில் உண்கிறோம் என்பதும் முக்கியம் என்பதால், இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதற்படி: மூன்று நாள் உணவை எழுதிப் பாருங்கள்

எந்தக் கீரையையும் எந்த மாத்திரையையும் தேடிப் போகுமுன், ஒரு பழைய கொப்பியில் வேலை நாட்கள் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என மூன்று நாட்களுக்கு வீட்டில் யார் எதை எத்தனை மணிக்கு உண்டார்கள் என்று எழுதுங்கள். தேத்தண்ணி குடித்த நேரங்களையும் விடாமல் எழுத வேண்டும். பிறகு அந்தப் பக்கங்களில் நான்கு பொருட்களைத் தேடுங்கள்: பருப்பு, கடலை, பயறு, சோயா போன்ற ஏதாவதொரு பயறு வகை; கடும் பச்சை நிறக் கீரை; கரட், பூசணி, பப்பாசி போன்ற மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறக் காய்கனி; தேசிக்காய், கொய்யா, தோடம்பழம் போலச் சமைக்காமல் உண்ணும் புளிப்புப் பழம். இவற்றில் எது மூன்று நாளிலும் ஒருமுறைகூட வரவில்லையோ, அங்கிருந்துதான் உங்கள் வீட்டின் மாற்றம் தொடங்க வேண்டும். காய்கறியும் பழமும் சேர்ந்து பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் சேரா.

இதோடு, அண்மைய வைத்தியசாலையில் ஈமோகுளோபின் அளவைப் பார்த்து, அந்த எண்ணைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது. ஒரு டெசிலீற்றர் குருதியில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிச்சோகை எனக் கொள்ளப்படுகிறது. தலைச்சுற்று, மூச்சு வாங்குதல், மேட்டில் ஏறும்போது நெஞ்சு படபடத்தல் ஆகியவற்றை வேலைக் களைப்பு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இலங்கையின் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டப் பகுதியில் அது ஏறத்தாழ 32 ஆக இருந்தது. தாயின் தட்டில் இருக்கும் குறை பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் படி: தேத்தண்ணியின் நேரத்தை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டி முழுவதிலும் செலவே இல்லாததும் பலன் மிகுந்ததும் இந்தப் படிதான் என்பதால் இதில் சற்று நிற்க விரும்புகிறேன். கீரையிலும் பயறிலும் தானியத்திலும் உள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைப் போல எளிதில் உடலில் சேர்வதில்லை. தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொருட்கள் குடலில் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடலுக்குள் போகவிடாமல் வெளியேற்றிவிடுகின்றன. உணவோடு சேர்த்து ஒரு கோப்பை கடும் சாயம் குடித்தால், அந்த வேளை உணவிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகலாம். சாயத்தண்ணி, பால் தேத்தண்ணி, கோப்பி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சீனியைக் குறைப்பதால் இது மாறாது.

தேத்தண்ணியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குளிரும் மழையும் நிறைந்த மலையில் அப்படிச் சொல்வது பொருளற்றது. உணவுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் விட்டாலே இழப்பு பெருமளவு குறைந்துவிடும். எனவே எழுந்தவுடன் தேத்தண்ணி குடிப்பவர்கள் ஐந்து மணிக்குக் குடித்துவிட்டு ஆறரைக்குச் சாப்பிடலாம். காலை உணவோடு வெந்நீர் அல்லது தேசிக்காய் பிழிந்த நீர் போதும். பத்து மணித் தேத்தண்ணியை ரொட்டி இல்லாமல் தனியாகக் குடியுங்கள். பகல் உணவுக்குப் பிறகு தண்ணீர் குடித்து, கொழுந்து நிறுத்து முடிந்து வீடு திரும்பிய பின் மாலைத் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடிக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேத்தண்ணி கொடுப்பதையும், வளர்ந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பதையும் அறவே நிறுத்துங்கள்.

தேயிலை தடுப்பதை விற்றமின் சி திறந்துவிடுகிறது. ஒரே வேளையில் புளிப்புப் பழமோ சமைக்காத தக்காளியோ சேரும்போது தாவர இரும்பு பலமடங்கு எளிதாக உள்ளே போகும். லயத்தின் பின்னால் நிற்கும் கொய்யா மரம் இந்த வகையில் பெரும் செல்வம். நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு, ஒரு பெரியவரின் நாளாந்தத் தேவையோ 75 முதல் 90 மில்லிகிராம்தான். சூடு இந்த விற்றமினை அழிப்பதால், தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிய வேண்டும்.

மூன்றாம் படி: பயறு வகைகளை மலையின் உயரத்திற்கேற்பச் சமையுங்கள்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை; சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தாழ்ந்த இடத்திலிருந்து வந்த மருமகள்மார் இங்கே கடலை வேகவில்லை என்று கவலைப்படுவதன் காரணம் இதுதான். கடலை, கௌபி, சோயா ஆகியவற்றை முதல் நாள் மாலையிலேயே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். ஊறும்போது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் பைட்டேற் என்னும் பொருளும் ஓரளவு குறைகிறது.

சிவப்பு போஞ்சி விதை விடயத்தில் மாத்திரம் மிகுந்த கவனம் வேண்டும். அரைகுறையாக வெந்த அந்த விதையிலுள்ள ஒரு நச்சுப் புரதம் சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். சமதரையில் பத்து நிமிடம் நன்கு கொதிக்க வைத்தால் அது அழியும். மலையில் கொதிநிலை குறைவாக இருப்பதால் அரை மணி நேரமாவது தளதளவெனக் கொதிக்க விடுங்கள், அல்லது குக்கரைப் பயன்படுத்துங்கள். தணலில் மெதுவாக வேகவைப்பது ஆபத்தானது.

முளைகட்டிய பயறு நல்லது, ஆனால் ஜனவரிக் குளிரில் ஓர் இரவில் முளை வராது. ஈரத்துணியில் கட்டி அடுப்படிக்கு அருகே இரண்டு நாள் வைத்து, தினமும் இருமுறை கழுவி, சமைத்த பின்னரே உண்ணுங்கள். சோயா மீட் புரதத்திற்கு உதவும். பக்கெட்டோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம் என்பதால் அதில் பாதியை ஒதுக்கிவிடலாம்.

நான்காம் படி: கீரையைத் தெரிந்து பறியுங்கள்

வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி, குப்பைக்கீரை போன்றவை தேயிலைச் செடிகளுக்கு இடையிலும் ஓடைக் கரையிலும் தாமாகவே வளர்கின்றன. பூசணிக் கொழுந்து, சௌசௌக் கொழுந்து, முள்ளங்கி இலை, நோக்கோல் இலை ஆகியவற்றைச் சந்தையில் வெட்டி எறிகிறார்கள். அவை அனைத்தும் உண்ணத் தக்கவை. முருங்கை, உயர்ந்த குளிர்ப் பகுதிகளில் நன்றாக வளராது. பதுளைப் பக்கத் தாழ்வுகளில் வளர்வதால், அங்கிருந்து வரும் உறவினர்களிடம் ஒரு கட்டு கேட்டு வாங்கி நிழலில் உலர்த்தித் தூளாக்கி வைக்கலாம்.

களைநாசினி தெளித்த மலையில், எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், கீரை பறிக்காதீர்கள். மருந்தடித்த நாளைக் கங்காணியிடமோ, மருந்தடிக்கும் தொழிலாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லயத்துக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில் வளரும் வல்லாரையும் கங்குனும் கிருமிகளைச் சுமந்திருக்கும். அவற்றைப் பச்சையாகச் சம்பலாக்கி உண்பது வயிற்றோட்டத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். பெயர் தெரியாத கிழங்கையோ இலையையோ எவர் சொல்லியும் சமைக்க வேண்டாம். கார்த்திகைப்பூக் கிழங்கை உணவுக் கிழங்கெனத் தவறாக எண்ணி உண்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

கீரையை நறுக்குமுன் ஓடும் நீரில் மூன்று முறை கழுவி, குறைந்த நீரில் மூடிவைத்துச் சில நிமிடங்கள் மாத்திரம் வேகவைத்து, சிறிது தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேருங்கள். கரட்டிலும் கீரையிலும் இருந்து உடல் உண்டாக்கும் விற்றமின் ஏ கொழுப்பில்லாமல் சரியாக உறிஞ்சப்படாது.

இலைக்கஞ்சி செய்ய, இருவருக்கு அரைக் கோப்பைச் சிவப்புப் பச்சரிசியை மூன்று கோப்பை நீரில், இரண்டு பல் வெள்ளைப்பூடும் சிறு துண்டு இஞ்சியும் இட்டு நன்கு குழைய வேகவையுங்கள். இரண்டு கைப்பிடி வல்லாரையையோ பொன்னாங்காணியையோ கழுவி, அரைத்து, சாற்றைப் பிழிந்தெடுங்கள். அரைக் கோப்பைத் தேங்காய்ப்பாலைக் கஞ்சியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் சாற்றை ஊற்றிக் கிளறி, மீண்டும் பொங்கியவுடன் இறக்கி, உப்பும் தேசிக்காயும் சேருங்கள். இதைக் காலை உணவாகவே கொள்ளலாம். அதன்பின் ஒரு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம்.

ஐந்தாம் படி: ரொட்டியைச் சற்று மாற்றுங்கள்

கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றினால் போதும். நூறு கிராம் குரக்கனில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் இருக்கிறது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும். அதுவும் அயடின் சேர்த்த உப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பைத் தேத்தண்ணிக்கும் இரண்டு கரண்டி சீனி இடுபவர், ஐந்து கோப்பையில் 40 முதல் 50 கிராம் வரை உட்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லதென்கிறது.

ஆறாம் படி: துணைச்சத்தைத் தேவையறிந்து எடுங்கள்

குறைபாடு இன்னதென்று தெரிந்த பின் எடுக்கும் மாத்திரை மருந்தாகிறது. தெரியாமல் எடுப்பது பெரும்பாலும் பணச்செலவாகவும் சில வேளைகளில் தீங்காகவும் முடிகிறது.

இரும்புச்சத்து மாத்திரையைத் தண்ணீரோடும் முடிந்தால் தேசிக்காய்ச் சாற்றோடும் எடுங்கள். தேத்தண்ணி, பால், கல்சிய மாத்திரை ஆகியவை அதற்கருகே வரக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இரும்பு, கல்சியம் இரண்டும் கிளினிக்கில் கொடுக்கப்படுவதால், ஒன்றைப் பகலிலும் மற்றதை இரவிலும் எனப் பிரித்துக்கொள்ளும் முறையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதிவைப்பது நல்லது. மலம் கறுப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். குமட்டினால் நிறுத்திவிடாமல், இரவில் சிறிது உணவோடு எடுக்கலாமா என்று கேளுங்கள். ஈமோகுளோபின் அளவு சரியான பின்னரும், உடலின் இரும்பு இருப்பு நிறைவதற்காகச் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். இந்த மாத்திரைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிறு பிள்ளை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரை எடுத்தும் ஈமோகுளோபின் ஏறவில்லையென்றால் இரண்டு காரணங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று கொக்கிப்புழு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோல் வழியே புகும் இந்தப் புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது; இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிரான பெரும் இயக்கம் 1916 இலேயே தொடங்கப்பட்டது. மற்றது தலசீமியா என்னும் பரம்பரைக் குறைபாடு. அது இருப்பவருக்கு இரும்பு தேவையில்லாமலும், கூடினால் கேடாகவும் இருக்கலாம் என்பதால், சோதிக்காமல் நீண்டகாலம் இரும்பு எடுக்கக் கூடாது.

குழந்தை பெற எண்ணும் பெண் போலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் முள்ளந்தண்டு உருவாகும் முதல் வாரங்களில், தான் கர்ப்பம் என்பதே பலருக்குத் தெரியாது. பொதுவான அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம்; கிளினிக்கில் வேறு அளவு தந்தால் அதையே பின்பற்றுங்கள்.

விற்றமின் பி12 எந்தக் கீரையிலும் போதிய அளவில் இல்லை. முட்டை, பால், மீன் எதையும் தொடாதவர்கள் இதை மாத்திரையாக எடுப்பது கட்டாயம். சுருள்பாசித் தூள் இதற்கு ஈடாகாது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெற்போமின் எடுப்பவர்களுக்கும் இது குறையலாம். கால் விறைப்பும் மறதியும் தோன்றினால் இதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்றமின் டி, வெயில் படாமல் உள்ளே வேலை செய்வோருக்கும் முதியோருக்கும் குறையக்கூடும். விற்றமின் ஏ மாத்திரையைக் கர்ப்பிணிகள் தாமாக எடுத்தால் சிசுவுக்குப் பழுது நேரலாம்.

திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்த, விற்றமின்களும் தாதுக்களும் ஊட்டப்பட்ட மா. 1970களிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. தாய்க்கென்று தந்த பக்கெட்டை வீடு முழுவதும் பகிர்ந்து இரண்டு நாளில் முடித்துவிடுவது நம் வழக்கம். பகிர்ந்துண்ணும் மனம் பெரிது என்றாலும், அந்தப் பக்கெட்டை அவளுக்கே விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: மூலிகையையும் மருந்தையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள்

தடிமனுக்குக் கொத்தமல்லிக் குடிநீர் குடிப்பதிலும், கொத்தமல்லி, சுக்கு, பற்பாடகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள் சேர்ந்த பஸ்பங்குவ காய்ச்சி ஓரிரு நாள் குடிப்பதிலும் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. சிக்கல் தொடங்குவது, சமையலறை அளவைத் தாண்டி மூலிகையைத் தினசரி மருந்தாக்கும்போதுதான். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், பாகற்காய்ச் சாற்றையும் கொத்தல ஹிம்புட்டு என்னும் மூலிகைக் கொடியின் நீரையும் சேர்த்துக் குடித்தால் குருதிச் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கிவிழலாம். அதிமதுரம் குருதி அமுக்கத்தை ஏற்றும். மஞ்சள் கறியில் நல்லது. செறிவூட்டிய மஞ்சள் குளிசைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. கறுவாவைப் பொறுத்தவரை, ஈரலைத் தாக்கும் கூமரின் என்னும் பொருள் நம் நாட்டுக் கறுவாவில் மிகக் குறைவு. மலிவான தடித்த பட்டை அப்படியல்ல.

காமரங்கா (நட்சத்திரப் பழம்), பிலிங் (பிலிம்பிக்காய்) ஆகிய இரண்டின் சாற்றையும் சீனி குறையும், கொழுப்பு கரையும் என்று வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். இவற்றிலுள்ள ஒக்சலேற்று என்னும் பொருள் மிகுந்திருப்பதால், அது சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் செயலிழக்கச் செய்யக்கூடும். ஏற்கனவே சிறுநீரக நோயுள்ளவருக்கு ஒரு காமரங்காவே போதும். இதைப் படிப்பவர்கள் தம் பெற்றோரிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குருதி உறையாமல் தடுக்கும் வார்பரின் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் அளவை ஏற்றி இறக்கக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் இளநீர், வாழைப்பழம், கீரை ஆகியவற்றின் அளவை வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் எடுத்து, இரும்பு, கல்சியம், சோயா ஆகியவற்றை நான்கு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

நகரத்துப் பாமசியிலோ, வீடு தேடி வருபவரிடமோ ஒரு போத்தலை வாங்குமுன், அதில் உள்ளடக்கம், அளவு, காலாவதித் திகதி, உற்பத்தியாளர் முகவரி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மருந்துகளைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும், சுதேச மருந்துகளை ஆயுர்வேதத் திணைக்களமும் பதிவு செய்கின்றன. எல்லா நோயையும் தீர்க்கும் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாத்திரை, சூரணம், கசாயம், சாறு அனைத்தையும் அளவோடும் நேரத்தோடும் எழுதி, கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் ஏசுவார் என்று அஞ்சி மூலிகையை மறைப்பவர்கள் பலர். கேட்காவிட்டாலும் அந்தத் தாளை நீட்டுங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், முகமும் காலும் வீங்குதல், ஓயாத வாந்தி ஆகியவற்றில் எது தோன்றினாலும் எல்லா மூலிகையையும் துணைச்சத்தையும் நிறுத்தி, போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அப்படி எதுவும் நேராவிட்டால், மூன்று மாதம் கழித்து ஈமோகுளோபினை மீண்டும் சோதித்து, அந்த எண்ணைக் கொப்பியின் முதற்பக்கத்தில் உள்ள பழைய எண்ணுக்கு அருகே எழுதுங்கள்.